காலை ஏழு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு

எங்கள் வீட்டில் காலையில் மீன் குழம்பு மணக்கும். செம்பாக்கத்தில் எங்கள் தெருவின் மற்ற வீடுகளில் அந்த நேரத்துக்குச் சட்னி அரைக்கிற மிக்ஸி சத்தம் கேட்கும், எங்கள் வீட்டில் அப்பளம் பொரியும். மாடியில் குடியிருக்கும் அக்கா குப்பை போட இறங்கும்போது எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார். "இன்னாமா, காலங்காத்தால கொழம்பு வாசன தூக்குது, யார்னா விருந்தாளி வந்துகீறாங்களா?" என்று ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதில்லை. சில நாள் கிண்ணத்தோடு வருகிறார்.

இது பழைய சோற்றுக் கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் உடனே "பழையது உடம்புக்கு நல்லதாச்சே" என்று எனக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நாங்கள் சாப்பிடுவது ஆவி பறக்கும் சோறு, குழம்பு, ரசம், ஒரு பொரியல், கடைசியில் மோர். முழு ராத்திரிச் சாப்பாடு. அப்படியானால் ராத்திரிக்கு என்ன என்றால், இட்லி. ராத்திரி இட்லி ஒன்றும் அதிசயமில்லை, பாதி தாம்பரம் அதைத்தான் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறது. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து மீன் முள் எடுக்கிறவர்கள்தான் குறைவு.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் எல்லாம் ஊர் வழக்கப்படிதான் நடந்தது. காலையில் டிபன். பகலில் எல்லோரும் ஒன்றாக உட்கார முடியாது என்பதால், சூடான சோறு ராத்திரி மேஜைக்கு மட்டும் என்று அத்தை வைத்திருந்தார். அத்தை என் கணவரின் அம்மா. மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலைக் கழற்றி வைத்துப் பல வருஷமாகியும் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

ஜெபம் பண்ணாமல் மேஜையில் யாரும் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பம்மலில் என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், ஆனால் அங்கே யாருக்கு அதிகம் பசிக்கிறதோ அவர் ஜெபிப்பார். இங்கே பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். காலை ஜெபம் மாமாவுடையது. "இந்த நாளைக் காணச் செய்தீர், ஸ்தோத்திரம். இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், ஆமென்." அவ்வளவுதான். வெயிலில் பையன்கள் மயங்கி விழுவதற்குள் எல்லாவற்றையும் முடித்துப் பழகியவர்.

ராத்திரி ஜெபம் அத்தையுடையது. "இந்தப் பகல் முழுவதும் எங்களைக் காத்து நடத்தினீரே" என்று ஆரம்பிக்கும், எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நடந்ததெல்லாம் அதில் வந்துவிடும். சிலிண்டர் நேரத்துக்கு வந்ததற்கு நன்றி. மாடி அக்காவின் முட்டி வலிக்கு ஒரு விண்ணப்பம். மழைக்காலமாக இருந்தால், ஏரி நிரம்பட்டும் ஆண்டவரே, ஆனால் எங்கள் தெருவுக்குள் வர வேண்டாம் என்று ஒரு திருத்தம். அதற்குள் அப்பளம் நமுத்துப்போகும். மாமா ஒரு கண்ணைத் திறந்து குழம்பைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார். கடைசியில் எப்போதும் ஒரே வரி வரும்: "இந்த மேஜையில் இல்லாத பிள்ளையையும் போஷித்தருளும்."

அந்தப் பிள்ளை நான்தான். எனக்கு அப்போது நைட் ஷிஃப்ட். பெருங்களத்தூர் பக்கம் ஓர் அலுவலகத்தில், கடல் தாண்டி இருக்கிற நோயாளிகளின் காப்பீட்டுக் காகிதங்களை அவர்களுடைய பகலில் உட்கார்ந்து சரிபார்க்கிற வேலை. அவர்களுடைய பகல் என் ராத்திரி. சனி ஞாயிறு மட்டும் நான் மேஜையில் இருப்பேன். அன்றைக்கும் பழக்க தோஷத்தில் அத்தை அதே வரியைச் சொல்லிவிடுவார். "அத்தை, நான் இங்கதான் இருக்கேன்" என்றால், "இருந்தா என்ன? அப்ப ரெண்டு வாய் கூடச் சாப்பிடு" என்பார்.

காலையில் அத்தையை மேஜையில் பார்க்க முடியாது. அடுப்படியில் டப்பாக்களுக்கு நடுவில் நின்றபடி ஓர் இட்லியை வாயில் போட்டுக்கொண்டு, மறு கையால் எதையாவது கிளறிக்கொண்டிருப்பார். ராத்திரிதான் உட்காருவார். அடுப்படி வாசலை ஒட்டிய நாற்காலி அவருடையது. உட்கார்ந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் கண்ணை மூடுவார்.

எங்கள் கல்யாணம் முடிந்து வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு முன்பே அத்தை போய்விட்டார். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அவரைக் கொஞ்ச காலம்தான் தெரியும் எனக்கு. அந்தக் கொஞ்ச காலத்திலேயே ரொம்பப் பிடித்துப்போயிருந்தது, அதனால் ரொம்ப அழுதேன். மாமா யார் முன்னாலும் அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வீடு இப்படி ஓடியது. என் கணவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ் விடியற்காலையில் வந்து அவரை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்கப்புறம் என் அலுவலக வண்டி என்னைத் தெருமுனையில் இறக்கிவிடும். நாலு மணிவாக்கில் எழுந்து நான் ராத்திரிச் சமையலை முடித்து மேஜையில் மூடி வைப்பேன். அவர் வரவும் நான் கிளம்பவும் சரியாக இருக்கும். அப்பாவும் பிள்ளையும் எட்டு மணிக்குச் சாப்பிட வேண்டும். அதுதான் ஏற்பாடு.

காலையில் வந்து பார்த்தால் சோறு அப்படியே இருக்கும். ஒரு ஆள் சாப்பிட்ட குழி மட்டும் தெரியும். கணவரைப் போனில் கேட்டால், "அப்பா வயிறு சரியில்லன்னாரு. பிஸ்கட் சாப்பிட்டாரு" என்பார். மறுநாளும் வயிறு சரியில்லை. அதற்கு மறுநாளும் பிஸ்கட். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். என் சமையல் அத்தை சமையல் மாதிரி இல்லை, அதை வாய் திறந்து சொல்லாமல் இப்படிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். அத்தை எந்தக் கடையில் மிளகாய்த் தூள் அரைத்தார் என்று விசாரித்து, அங்கேயே போய் அரைத்துக்கொண்டு வந்தேன். குழம்பு அச்சு அசலாக வந்தது. அதுவும் மிஞ்சியது.

ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்குக் காலையில் என்ன பசிக்கும் என்று பகலில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. இட்லியைப் பார்த்தாலே எரிச்சலாக வரும். இட்லி ஒரு நாளை ஆரம்பிக்கிற சாப்பாடு. நானோ நாளை முடித்துவிட்டு வந்து நிற்கிறேன். தினமும் இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுப் படுத்துப் பத்து மணிக்குப் பசியோடு விழித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் போதும் என்று தோன்றியது. முந்தின ராத்திரிச் சோறு ஃபிரிட்ஜில் இருக்கிறது, குழம்பு இருக்கிறது, இரண்டையும் சுட வைத்தேன், நாலு அப்பளம் பொரித்தேன், தட்டு நிறையப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேராகக் குழம்புக் கிண்ணத்தில் விழுந்தது.

மாமா ஏரிக்கரையில் நடந்துவிட்டுப் பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, காலையில சோறு?"

"எனக்கு இது ராத்திரி மாமா" என்றேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் சொன்னேன். பசியில் எனக்கு மரியாதை குறைந்துவிடும்.

அவர் பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "ராத்திரிச் சாப்பாடுன்னா ராத்திரி ஜெபம்ல பண்ணணும்" என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இந்தப் பகல் முழுவதும் எங்களைக் காத்து நடத்தினீரே" என்று ஆரம்பித்தார். அத்தையுடைய ஜெபம். காலை ஏழு மணி, வெளியே ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது, மாமா முடிந்துபோன பகலுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். பால் பாக்கெட் உடையாமல் வந்ததற்கு ஸ்தோத்திரம். மாடி வீட்டு முட்டி வலி. வார்த்தை வார்த்தையாக நினைவில் வைத்திருந்தார். கடைசி வரி வருகிற இடத்தில் மட்டும் நின்றார். அதை விட்டுவிட்டு "ஆமென்" என்றார்.

நான் பிசைய ஆரம்பித்தேன். அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்துபோய் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் போடும்மா."

கொஞ்சம் என்று சொன்னவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். ரசத்துக்கு மூன்றாம் தரம். கையை நக்கிவிட்டு, "குழம்பு நல்லாயிருக்கு. ஏன் இத்தனை நாளா நல்லா வெக்கல?" என்றார். எனக்கு அவர் மேல் ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை நாளாக அதே குழம்புதான் மாமா என்று சொல்லவில்லை. அவர் சாப்பிட்டதே போதும் என்று இருந்தது.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சமையலறைப் பக்கமே போகாதவர், நான் வந்து இறங்குவதற்குள் குக்கரில் சோறு வைத்துவிடுவார். விசில் அடித்தால் அடுப்பை அணைக்கிறது மட்டும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. முந்தின நாள் குழம்பு எப்படியும் மறுநாள்தான் ருசி, அதைச் சுட வைப்பார். ஆம்லெட் போடக் கற்றுக்கொண்டார். நான் பல் தேய்த்து முகம் கழுவி வந்தால் மேஜையில் எல்லாம் இருக்கும். ராத்திரி ஜெபம் நடக்கும், கடைசி வரி இல்லாமல். சாப்பிட்டு முடித்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டு, "குட் நைட்மா" என்பார். வெளியே சுள்ளென்று வெயில்.

நாலு மணிக்கு எழுந்து வந்தால், "குட் மார்னிங்" என்பார். முகத்தில் சிரிப்பு துளியும் இருக்காது. நான் அப்போது இட்லிக்குப் பொடியும் நல்லெண்ணெயும் குழைத்துக்கொண்டு உட்காருவேன். தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருப்பார்கள். "இந்த நாளைக் காணச் செய்தீர், ஸ்தோத்திரம்" என்று மாமா தன் குட்டி ஜெபத்தைச் சொல்லிவிட்டு எனக்கு எதிரில் டீ குடிப்பார். மாடி அக்கா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "மாமனாரும் மருமகளும் உலகத்தயே தலகீயா தொங்கவுட்டுகினு கீறீங்க" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு போவார்.

ராத்திரி மேஜையில் மாமா இன்னும் பிஸ்கட்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனால் காலையில் இத்தனை வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு ராத்திரி பசிக்காதுதான் என்று நாங்கள் விட்டுவிட்டோம். கணவருக்குத்தான் குறை. "நானும் இந்த வீட்டு ஆள்தான், மெஸ்ஸுல சாப்பிடற மாதிரி ஒண்டியா சாப்பிட்டுட்டிருக்கேன்" என்று அலுத்துக்கொள்வார்.

பிறகு எங்கள் குழுவைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். செய்தி வந்த அன்று நான் குதித்தேன். ஊர் தூங்கும்போது தூங்கி, ஊர் சாப்பிடும்போது சாப்பிட எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "இனிமே உங்களுக்கு விடுதலை மாமா. காலையில ஒழுங்கா இட்லி சாப்பிடலாம்" என்றேன். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் சொன்னார்.

முதல் நாள் காலை இட்லி. மாமா குட்டி ஜெபம் பண்ணினார், சாப்பிட்டார், ஒரு குறையும் இல்லை. ராத்திரிக்கு வஞ்சிரம் வாங்கி வறுத்து, குழம்பு வைத்து, சாலட் வெட்டி, புது மேஜை விரிப்பு போட்டேன். கல்யாணமாகி இத்தனை நாளில் வாரநாள் ராத்திரியில் நாங்கள் சேர்ந்து உட்காருவது அதுதான் முதல் தடவை. எல்லோரும் உட்கார்ந்தோம். யாரும் கண்ணை மூடவில்லை. கணவர் மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்து, "நீ பண்ணும்மா" என்றார். நான் ஏதோ அவசரமாக ஜெபித்தேன். மாமா இரண்டு வாய் சாப்பிட்டார். வறுத்த மீனைப் பிட்டு ஓரத்தில் வைத்தார். "வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்று எழுந்துவிட்டார்.

மறுநாளும் வயிறு ஒரு மாதிரி இருந்தது. இப்போது காலையில் சோறும் இல்லையாதலால் ஈடுகட்ட எதுவும் இல்லை. நாலு இட்லி இரண்டாயிற்று. மதியம் நாங்கள் இருவரும் வெளியே, அவர் என்ன சாப்பிட்டார் என்று யாருக்குத் தெரியும். சட்டை தோளிலிருந்து இறங்க ஆரம்பித்தது. கைக்கடிகாரம் மணிக்கட்டைச் சுற்றி வந்தது. ஏரிக்கரை நடையை நிறுத்திவிட்டார். நெஞ்சை நிமிர்த்தி நடக்கிற மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போவதை ஒரு நாள் பார்த்தேன். எனக்குப் பயம் வந்தது. அத்தை போனபோது இந்த வீடு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

கிழக்குத் தாம்பரத்தில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தம், சிறுநீர், ஸ்கேன், எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. "வயசாச்சு, நைட்ல லைட்டா குடுங்க" என்றார் டாக்டர். லைட்டாக இட்லி கொடுத்தேன், மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கஞ்சி கொடுத்தேன், ஆறிப்போயிற்று. கணவர் பொறுமை இழந்து, "அப்பா, சின்னப் பிள்ளையா நீங்க? ஒரு கைப்பிடி சாப்பிட்டா என்ன?" என்று சத்தம் போட்டார். போட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் நின்றார். மாமா, "அவன் மேல தப்பில்ல. வாய்க்குள்ள போகமாட்டேங்குதும்மா. நான் என்ன செய்ய?" என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் ஆராதனைக்குத்தான் போவதாக இருந்தோம், அதனால் காலையில் அவசரமில்லை. மூன்று பேரும் வீட்டில் இருக்கிற காலை அது. விடியற்காலையில் எழுந்தபோது எனக்கு இட்லி மேல் அந்தப் பழைய எரிச்சல் திரும்பி வந்தது. முந்தின ராத்திரி மிஞ்சிய சங்கரா மீன் குழம்பு, சட்டி நிறைய, ஃபிரிட்ஜில் இருந்தது. பெரிய யோசனை ஒன்றும் இல்லை. எனக்குச் சோறு வேண்டியிருந்தது. குக்கரை ஏற்றினேன், குழம்பைச் சுட வைத்தேன், அப்பளம் பொரித்தேன்.

அப்பளம் வாசனைக்கு மாமா அறையிலிருந்து வந்தார். கையைக் கழுவினார். தன் இடத்தில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கணவர் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்து, "என்ன இது, காலையிலயேவா?" என்று கேட்டபடி உட்கார்ந்தார்.

மாமா கண்ணை மூடினார். "இந்தப் பகல் முழுவதும் எங்களைக் காத்து நடத்தினீரே..."

கணவர் சட்டென்று கண்ணைத் திறந்தார். இந்தக் காலை ஜெபம் நடந்த நாட்களிலெல்லாம் அவர் கம்பெனி பஸ்ஸில் இருந்தவர். காலைச் சோறு அவருக்குத் தெரியும், ஜெபம் தெரியாது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று. அப்பாவுக்குப் பகல் எது ராத்திரி எது என்று தெரியவில்லை, புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார் என்று அவர் கண்ணே சொன்னது. மேஜைக்கடியில் என் கையைப் பிடித்தார். நான் உதட்டில் விரலை வைத்தேன்.

மாமா போய்க்கொண்டே இருந்தார். டாக்டருக்கு நன்றி. மகன் மொட்டைமாடியில் பனியில் நின்றானே, அவனுக்குச் சளி பிடிக்காமல் இருக்கட்டும். மாடி அக்காவின் முட்டி. ஏரி. கேட்கக் கேட்கக் கணவரின் பிடி தளர்ந்தது. அது யாருடைய ஜெபம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அத்தை போனதிலிருந்து அவர் அதைக் கேட்டிருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணிலிருந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

கடைசி வரி வரும் இடத்தில் மாமா எப்போதும்போல நின்றார். உயிரோடிருப்பவர்கள் மூன்று பேரும் அன்றைக்கு மேஜையில் இருந்தோம். "இந்த மேஜையில் இல்லாதவளுக்காக ஸ்தோத்திரம்" என்றார். போனவர்களுக்காக எங்கள் சபையில் எதுவும் வேண்டிக்கொள்வதில்லை, நன்றிதான் சொல்லலாம். மாமா நன்றி சொன்னார். "ஆமென்" என்று மூன்று பேரும் சொன்னோம். மாமா சோற்றில் குழி பறித்து, "ஊத்தும்மா" என்றார்.

அன்றைக்கு அவர் சாப்பிட்டதை நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தட்டுக் கழுவும்போது மாமா துடைக்கிற துணியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.  அவரே சொன்னார். "ராத்திரி அந்தச் சேர் எதிர்ல இருக்கும்மா. அவ உக்காந்து கழுத்தத் தொடச்சிக்குவாளே, அந்தச் சேர். அதப் பாத்துக்கிட்டு எப்படி முழுங்கறது? காலையில அந்தத் தொல்ல இல்ல. காலையில அவ என்னிக்கும் மேஜையில உக்காந்ததே இல்ல. அதனால காலையில அது வெறும் சேரு."

 தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளாக நான் மிளகாய்த் தூளில் தேடியது எங்கே இருந்திருக்கிறது என்று நினைத்தேன். சேரை எடுத்து வேறு அறையில் போட்டுவிடலாமா என்று கணவர் பின்னால் கேட்டார். "வேணாம்டா, அது இருக்கட்டும். நேரத்ததான் மாத்திக்கணும்" என்றார் மாமா.

அப்படித்தான் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறியது. சூடான சோறு காலைக்குப் போயிற்று. முந்தின மாலையே குழம்பு வைத்துவிடுகிறேன், விடிவதற்கு முன்பே மாமா குக்கரை ஏற்றுகிறார். கணவர் பஸ் ஏறுவதற்கு முன் பாதித் தூக்கத்தில் ஒரு கரண்டி ரசம் சோறு சாப்பிட்டுவிட்டுப் போகிறார், முனகிக்கொண்டேதான். ராத்திரி இட்லி, தோசை. அதற்கு மேஜை தேவையில்லை, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் தரையில் உட்கார்ந்துவிடலாம். "இந்த நாளைக் காணச் செய்தீர்" என்று மாமா ராத்திரி எட்டு மணிக்குத் தன் குட்டி ஜெபத்தைச் சொல்கிறார். மூன்று இட்லி சாப்பிடுகிறார். கைக்கடிகாரம் மறுபடி மணிக்கட்டில் நிற்கிறது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பகல் ஷிஃப்டுக்குப் போகிறவளுக்குக் காலை நேரம் எப்படி ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு டப்பா கட்ட வேண்டும், தண்ணீர் பாட்டில், தலை பின்ன வேண்டும், வண்டி வந்துவிடும். கணவர் கிளம்பியதும் மாமாவுக்குப் பரிமாறிவிட்டு நான் அடுப்படிக்குத் திரும்பிவிடுவேன். ஒரு கிண்ணத்தில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, டப்பாவை மூடுவதற்கு நடுவில் ஒவ்வொரு வாயாகப் போட்டுக்கொள்வேன். நானே கவனிக்கவில்லை. அது எப்படியோ தொற்றிக்கொண்டது.

சென்ற வாரம் ஒரு காலை. நான் சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடி ஒரு கையால் கத்திரிக்காய்ப் பொரியலை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன், வாயில் சோறு. மேஜையில் மாமாவின் ஜெபம் கேட்டது. காதில் விழுந்துகொண்டே இருந்தது, மனதில் நிற்கவில்லை. கடைசியில் எப்போதும் "இல்லாதவளுக்காக ஸ்தோத்திரம்" என்று வரும். அன்றைக்கு வேறு மாதிரி வந்தது.

"இந்த மேஜையில் இல்லாத பிள்ளையையும் போஷித்தருளும், ஆமென்."

எனக்குக் கை நின்றது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாமா தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் வந்து, எனக்குப் பக்கத்தில் மேடையில் சாய்ந்து நின்றார்.

"என்ன மாமா, உப்பு பத்தலையா?"

"உப்பெல்லாம் சரியா இருக்கு. நீ வந்து உக்கார்றியா, இல்ல நானும் நிக்கட்டுமா?"

"டைம் ஆயிடுச்சு மாமா. வண்டி வந்துடும்."

"அவளும் இதத்தான் சொன்னா. தினமும் இதத்தான் சொன்னா. நானும் சரின்னுட்டு உக்காந்து சாப்பிட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். சொல்லிவிட்டு நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டார். அவருக்கு நின்று சாப்பிட்டுப் பழக்கமில்லை. ரசம் சட்டையில் சிந்தியது. துடைத்துக்கொள்ளாமல் அடுத்த வாய் எடுத்தார்.

நான் கரண்டியைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தோடு மேஜைக்குப் போனேன். அவசரத்தில் கைக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அது அடுப்படி வாசலை ஒட்டிய நாற்காலி என்று தெரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். பின்னாலேயே தட்டோடு வந்த மாமா வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, தன் இடத்தில் உட்கார்ந்து, என் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு ஒரு தட்டை நகர்த்தினார். சோறு போட்டார். குழம்பு ஊற்றினார். ஒரு மீன் துண்டைத் தேடி எடுத்து வைத்தார். வெளியே வண்டி ஹாரன் அடித்தது.

"ஆமென்" என்றேன். 

"அத நான் அப்பவே சொல்லிட்டேன். சாப்பிடு" என்றார்.